வீட்டு மேசையிலிருந்து பந்தயத் திடலுக்கு: சிம் ரேஸிங் உண்மையில் வழி திறக்குமா?

பிள்ளைகள் கேட்கும் சாமான்களின் பட்டியலில் அண்மைக்காலமாக ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. மேசையில் பூட்டும் ஒரு ஸ்டியரிங், காலடியில் வைக்கும் பெடல்கள், முடிந்தால் அதற்கென்றே செய்த ஓர் இருக்கை. விலையைக் கேட்டதும் வாப்பாமார் ஒரு கணம் பேசாமல் நின்றுவிடுகிறார்கள். தொடக்க நிலைச் செட் ஒன்றுக்கே இலட்சம் ரூபாவைத் தாண்டிச் செலவாகும். கொஞ்சம் தரமானது வேண்டுமென்றால் பாவித்த மோட்டார் சைக்கிள் ஒன்றின் விலையை எட்டும். பிள்ளையிடம் பதில் தயாராக இருக்கிறது: "இது சும்மா கேம் இல்ல வாப்பா. இதிலிருந்து உண்மையான ரேஸுக்குப் போனவங்க இருக்காங்க."

போனவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அவர்கள் எப்படிப் போனார்கள், அந்தச் செலவை யார் கொடுத்தார்கள் என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அவர்கள் பார்த்த திரைப்படமும் அதை முழுமையாகச் சொல்லவில்லை. பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர், அல்லது "படிக்கிற வேலையைப் பாரு" என்று அதட்டுவதற்கு முன்னர், இந்தக் கதையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலில் ஒரு வேறுபாடு. கையடக்கத் தொலைபேசியில் விரலால் தட்டி ஓட்டும் கார் கேமும் சிம் ரேஸிங்கும் ஒன்றல்ல. ஐரேஸிங், அசெட்டோ கோர்சா போன்ற மென்பொருட்களில் டயரின் சூடு, எரிபொருளின் எடை, காரின் சமநிலை எல்லாம் கணக்கிடப்படுகின்றன. உலகின் பெயர்பெற்ற பந்தயத் திடல்களை லேசர் கருவியால் அளந்து, தாரில் இருக்கும் சிறு மேடு பள்ளம்கூடத் தவறாமல் பதிவு செய்திருக்கிறார்கள். பின் டயர் வழுக்கத் தொடங்கினால் ஸ்டியரிங்கிலுள்ள மோட்டார் அதைக் கைகளுக்கு உணர்த்துகிறது. ஆகவே பல நூறு மணித்தியாலங்கள் இதில் பழகிய ஒருவர், நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத திடலின் ஒவ்வொரு வளைவையும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருப்பார். எந்த இடத்தில் பிரேக் போடுவது, எந்தப் புள்ளியில் காரைத் திருப்புவது, எப்போது மீண்டும் வேகமெடுப்பது என்பதும் அவருக்குப் பழகிப் போயிருக்கும்.

இந்தப் பழக்கம் நிஜக் காரில் உதவுமா என்பதைச் சோதித்துப் பார்த்த முயற்சிதான் ஜீ.டி. அகடமி. ஜப்பானின் நிசான் நிறுவனமும் ப்ளேஸ்டேஷன் தரப்பும் சேர்ந்து 2008 இல் இதைத் தொடங்கின. கிரான் டூரிஸ்மோ விளையாட்டில் வீட்டிலிருந்தே வேகமான நேரத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதில் தேறியவர்கள் நாட்டளவிலான இறுதிச் சுற்றுக்கும், பின்னர் பிரித்தானியாவின் சில்வர்ஸ்டோன் திடலில் நடக்கும் பயிற்சி முகாமுக்கும் அழைக்கப்படுவார்கள். வெற்றி பெறும் ஒருவருக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, பந்தய அனுமதிப்பத்திரம் பெற்றுக் கொடுத்து, டுபாய் 24 மணித்தியாலப் பந்தயத்தில் நிஜக் காரில் இறக்குவார்கள். செலவு அனைத்தும் நிறுவனத்தினுடையது. இந்தக் கடைசி வாக்கியம் முக்கியமானது. கட்டுரையின் பிற்பகுதியில் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

முதலாவது வெற்றியாளர் ஸ்பெயின் நாட்டு மாணவரான லூக்காஸ் ஓர்டோனெஸ். 2011 ஆம் ஆண்டு லு மான்ஸ் 24 மணித்தியாலப் பந்தயத்தில் அவருடைய அணி எல்.எம்.பி.2 பிரிவில் இரண்டாமிடம் பெற்றது. அதே ஆண்டில் சுமார் 90,000 பேர் போட்டியிட்ட அகடமியில் வென்றவர், வேல்ஸின் கார்டிஃப் நகரில் வளர்ந்த 19 வயது இளைஞர் ஜான் மார்டன்பரோ. இவருடைய கதையைத்தான் 2023 இல் 'கிரான் டூரிஸ்மோ' என்ற பெயரில் திரைப்படமாக எடுத்தார்கள். 2013 லு மான்ஸில் ஓர்டோனெஸும் இவரும் ஒரே காரில் ஓடி எல்.எம்.பி.2 பிரிவில் மூன்றாமிடத்தைப் பெற்றார்கள். 2014 இல் ஜீ.பி.3 தொடரில், ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம் திடலில் ஒரு பந்தயத்தையும் மார்டன்பரோ வென்றார்.

இவர்கள் உண்மையிலேயே வேகமானவர்களா அல்லது விளம்பரத்துக்காகத் தூக்கிவிடப்பட்டவர்களா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு சம்பவம் போதும். பிரித்தானிய ஜீ.டி. தொடரில் தொழில்முறைச் சாரதி ஒருவரும் பணம் செலவழித்து ஓட்டும் அமெச்சூர் ஒருவரும் ஜோடியாக ஓடும் பிரிவு ஒன்று உண்டு. அகடமி வெற்றியாளர்களுக்குப் பந்தய அனுபவம் இல்லாததால் 2012 இல் மார்டன்பரோ அமெச்சூராகவே கணக்கிடப்பட்டார். அவரோ வயதில் மூத்த வசதியான அமெச்சூர்களை விட மிக வேகமாக ஓட்டினார். அடுத்த ஆண்டு அகடமியின் புதிய வெற்றியாளர்களை அந்தப் பிரிவில் சேர்க்க ஏற்பாட்டாளர்கள் மறுத்துவிட்டார்கள். "கேம் விளையாடுகிறவன்" என்ற ஏளனத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

ஆகவே திறமை கடந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எல்லாம் கடந்து வருவதில்லை.

வீட்டில் ஓட்டும்போது உடம்பு அசைவதில்லை. நிஜக் காரில் பின்பக்கம் வழுக்கப் போவதைச் சாரதியின் இடுப்பும் முதுகும்தான் முதலில் உணர்கின்றன. கண்ணுக்கு அது பிறகுதான் தெரிகிறது. ஃபோர்முலா 1 காரில் பிரேக் பிடிக்கும்போதும் வளையும்போதும் புவியீர்ப்பைப் போல நான்கு ஐந்து மடங்கு விசை உடம்பில் இறங்கும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்த பாரம் அத்தனை மடங்காகக் கழுத்தை இழுக்கும். மூடிய ஜீ.டி. காருக்குள் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில், தீப்பிடிக்காத உடையோடு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு தவறும் விடாமல் ஓட்ட வேண்டும். சிம்மில் நாள் முழுக்க ஓட்டக்கூடிய பிள்ளைகள் பலர் ஒரு கிலோமீற்றர் ஓடினால் மூச்சு வாங்குகிறார்கள். அகடமியின் முகாமில் உடற்தகுதிக்கும் சோதனை வைத்ததற்குக் காரணம் இதுதான்.

உடம்பை விடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. சிம்மில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம்.

2015 மார்ச் மாதம் ஜேர்மனியின் நூர்பேர்கிரிங் திடலில், ஃப்ளூக்பிளாட்ஸ் என்ற மேட்டுப் பகுதியில் மார்டன்பரோவின் கார் முன்பக்கம் மேலெழும்பிக் காற்றில் பறந்து வேலியைத் தாண்டியது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். திரைப்படத்தில் இந்த விபத்து லு மான்ஸ் வெற்றிக்கு முன்னர் நடப்பதாகவும், அந்தத் துயரிலிருந்து மீண்டு வந்து அவர் மேடையேறுவதாகவும் காட்டப்படுகிறது. உண்மையில் லு மான்ஸ் 2013 இல் நடந்தது. விபத்து நடந்தது அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. ஒரு மனிதனின் மரணத்தைக் கதாநாயகனின் எழுச்சிக்குப் படிக்கட்டாக இடம் மாற்றி வைத்ததைப் பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன்.

இது தூர நாட்டுச் சங்கதி என்று நாம் கடந்து போக முடியாது. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். நிஜப் பந்தயத்துக்குப் போக விரும்பும் பிள்ளையிடம் வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பற்றிப் பேச வேண்டும். பயமுறுத்துவதற்காக அல்ல. சிம் கற்றுக்கொடுக்காத பாடம் இது என்பதற்காக.

இனிப் பணத்துக்கு வருவோம். இந்த விளையாட்டில் பெரும்பாலான கனவுகள் முடிவது இங்கேதான். ஃபோர்முலா 1 இல் ஓட்டுவதற்குச் சுப்பர் லைசன்ஸ் எனும் உயர்தர அனுமதிப்பத்திரம் வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். அந்தப் புள்ளிகள் ஃபோர்முலா 2, ஃபோர்முலா 3 போன்ற நிஜத் தொடர்களில் பெறும் இடங்களைப் பொறுத்தவை. ஐரோப்பாவில் ஃபோர்முலா 3 இல் ஒரு பருவம் ஓட்டப் பத்து இலட்சம் யூரோவுக்கு மேல் செலவாகும் என்பது அத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நமது காசில் முப்பது கோடி ரூபாவுக்கும் அதிகம். ஃபோர்முலா 2 க்கு அதைப் போல இரண்டு மடங்கு. அதுவும் ஓராண்டுக்கு மாத்திரம்.

அகடமியின் பெறுமதி இங்கேதான் புரியும். அது திறமையைக் கண்டுபிடித்தது உண்மை. அதைவிட முக்கியமாக, கண்டுபிடித்தவருக்கான பில்லை நிசான் கட்டியது. 2016 உடன் அகடமி நின்று போனது. மார்டன்பரோ ஜப்பானின் சுப்பர் ஜீ.டி. தொடரில் நிசானுக்காகத் தொடர்ந்து ஓடினார். 2020 பருவத்தோடு அந்த இருக்கையும் இல்லாமல் போனது. லு மான்ஸில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற ஒருவரே அனுசரணை நின்றதும் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. பின்னர் தனது சொந்தக் கதையைச் சொன்ன படத்திலேயே தனது பாத்திரத்துக்கான சாகச ஓட்டுநராக அவர் வேலை செய்தார்.

மற்றவர்களின் கதைகளிலும் இதே கயிறுதான் ஓடுகிறது. துருக்கியைச் சேர்ந்த ஜெம் போலுக்பாஷி ஃபோர்முலா 1 இன் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளில் பெயர் பெற்றுப் பின்னர் 2022 இல் நிஜ ஃபோர்முலா 2 க்கு வந்தார். அந்தப் பின்னணியிலிருந்து அவ்வளவு உயரம் வந்த முதலாமவர் என்று பத்திரிகைகள் கொண்டாடின. அதே ஆண்டு ஜித்தாவில் பயிற்சி ஓட்டத்தில் பலமாக மோதி, தலையில் ஏற்பட்ட அதிர்ச்சியால் அந்த வாரப் பந்தயங்களைத் தவறவிட்டார். பருவம் முடிவதற்கு முன்னரே அணியிலிருந்தும் விலகினார். பிறகு ஜப்பானுக்குச் சென்று சுப்பர் ஃபோர்முலாவில் ஓடினார். விடாமுயற்சிக்காரர். ஆனால் அவரும் சிறுவயதிலேயே கார்ட் ஓட்டியவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிரேசிலின் இகோர் ஃப்ராகா 2018 இல் கிரான் டூரிஸ்மோவின் உலகப் போட்டியை வென்றவர். 2020 இல் நியூசிலாந்தின் டொயோட்டா ரேஸிங் தொடரில் நிஜக் காரிலும் சம்பியனானார். அவரும் குழந்தைப் பருவத்திலிருந்தே கார்ட்டிங்கில் வளர்ந்தவர். பிரித்தானியாவின் ஜேம்ஸ் போல்ட்வின் 2019 இல் 'வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் கேமர்' போட்டியில் வென்று, பரிசாகக் கிடைத்த இருக்கையில் 2020 பிரித்தானிய ஜீ.டி. தொடரின் முதல் பந்தயத்தையே வென்றார். அவருக்கும் முன்னர் கார்ட் அனுபவம் இருந்தது.

எல்லாரிலும் வெற்றிகரமானவர் அமெரிக்காவின் வில்லியம் பைரன். வீட்டில் ஐரேஸிங் ஓட்டிப் பழகி, பதின்ம வயதின் நடுப்பகுதியில்தான் நிஜக் காருக்கு வந்தார். நாஸ்கார் உலகின் மிகப் பெரிய பந்தயமான டேட்டோனா 500 ஐ 2024 இலும் 2025 இலும் அடுத்தடுத்து வென்றார். சிம் ரேஸிங்குக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் சிம்மிலிருந்து எழுந்ததும் ஒரு சிறிய நிஜக் காரில் அவரை உட்கார வைக்கக்கூடிய வசதி அவருடைய குடும்பத்துக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தலைகீழான கதையும் உண்டு. நெதர்லாந்தின் யார்னோ ஓப்மீர் நிஜ ஃபோர்முலா கார்களில் ஓடி வந்தவர். அந்தப் பாதையில் தொடரப் பணம் இல்லாமல் சிம் பக்கம் திரும்பினார். 2020 இலும் 2021 இலும் ஃபோர்முலா 1 இ-ஸ்போர்ட்ஸ் சம்பியன் அவர்தான். நிஜத்தில் ஓட்டத் தெரிந்தவர், பணமில்லாததால் திரைக்கு வந்து அங்கேயே சம்பியனாகிறார். அவரைத் தடுத்தது எது என்று கேட்டால் யாரும் திறமை என்று சொல்லமாட்டார்கள்.

இவ்விரண்டு உலகங்களுக்கும் நடுவே ஒரு தொழில் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஃபோர்முலா 1 இல் பருவ காலத்தில் அணிகள் விரும்பியபடி நிஜக் காரில் சோதனை ஓட்டம் செய்வதற்கு 2009 இலிருந்து கடுமையான தடை இருக்கிறது. எனவே அணிகள் தமது தலைமையகத்தில் பெரும் செலவில் சிமியுலேட்டர்களை வைத்திருக்கின்றன. உலகின் எங்கோ ஒரு மூலையில் வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும், இங்கிலாந்திலிருக்கும் சிமியுலேட்டர் சாரதி இரவிரவாக ஓட்டி, எந்தச் செட்டிங் நல்லது என்று பொறியியலாளர்களுக்குச் சொல்வார். மறுநாள் அந்தத் தகவலோடு நிஜக் கார் திடலில் இறங்கும். நெதர்லாந்தின் ரூடி வான் பியூரன் அப்படி ஒருவர். சிறுவயதில் கார்ட் ஓட்டியவர், பணம் போதாமல் நிறுத்தியவர், சமையலறைத் தளபாடங்கள் விற்கும் வேலை பார்த்தவர். 2017 இல் 'வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் கேமர்' முதல் போட்டியை வென்று மெக்லாரன் அணியின் சிமியுலேட்டர் சாரதியானார். பிறகு ரெட் புல் அணியில் அதே வேலை. அவருடைய பெயர் முடிவு அட்டவணையில் வராது. ஆனால் அது மாதச் சம்பளமுள்ள மோட்டார் பந்தயத் தொழில்தான்.

இதை எவ்வளவு பாரதூரமாக எடுக்கிறார்கள் என்பதற்கு 2020 ஊரடங்குக் காலத்துச் சம்பவம் ஒன்று. ஃபோர்முலா ஈ தொடர் நடத்திய இணையப் பந்தயத்தில் ஜேர்மன் சாரதி டானியல் ஆப்ட் தனக்குப் பதிலாகச் சிம் நிபுணர் ஒருவரை இரகசியமாக ஓட்ட வைத்தார். கண்டுபிடித்தார்கள். அபராதம் விதித்தார்கள். ஓடி (ஆம், கார் நிறுவனம்தான்) அவரை அணியிலிருந்தே இடைநிறுத்தியது. நிஜக் காரில் வென்ற ஒரு தொழில்முறைச் சாரதி, சிம்மில் தன்னை விடச் சிறந்தவர் வேறொருவர் என்று தெரிந்துதான் இப்படிச் செய்தார் என்பது இதிலுள்ள வேடிக்கை.

நமது நாட்டு நிலைமை என்ன? மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934 இலிருந்து நடந்து வருகிறது. கட்டுகுருந்த, சாலியபுர போன்ற இடங்களிலும் பந்தயங்கள் உண்டு. லம்போர்கினியின் ஆசியத் தொடரில் ஓடிய டிலந்த மலகமுவ போன்றவர்கள் இங்கிருந்துதான் போனார்கள். ஆனால் பணமும் அனுசரணையும் இருந்தவர்கள்தான் போனார்கள். 2020 இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி முடங்கிக் கிடந்த நாட்டில் பந்தயக் காருக்கு உதிரிப்பாகம் தேடுவதே ஒரு தனிப் போராட்டம். இந்த நிலைமையில், காரே இல்லாமல் உலகத்தோடு போட்டியிட வழிகொடுக்கும் சிம் ரேஸிங்கை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. 2026 இல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடைபெறும் ஆசிய விளையாட்டு விழாவின் இ-ஸ்போர்ட்ஸ் பதக்கப் பட்டியலில் கிரான் டூரிஸ்மோ 7 இடம்பெற்றிருக்கிறது. நிஜத் திடலுக்குப் போகாமலேயே நாட்டின் கொடியை அணியக்கூடிய வழி அது.

எனவே பிள்ளைக்கு நேரடியாகச் சொல்லக்கூடியது இதுதான். சிம் மட்டும் வைத்து நிஜச் சாரதியானவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களுக்கும் பின்னால் ஒரு நிறுவனமோ குடும்பமோ நின்றது. சாதாரண தரத்தையோ உயர்தரத்தையோ விட்டுவிட்டு இதற்குப் பின்னால் போவது, சீட்டிழுப்பை நம்பி வேலையை விடுவதற்குச் சமம். ஆனால் படிப்போடு சேர்த்து வைத்திருந்தால் இது வெறும் விளையாட்டாக முடிய வேண்டியதில்லை. சிம் தரும் தரவுகளைப் படித்துப் பார்க்கப் பழகுகிற பிள்ளைக்குக் கணிதமும் பௌதிகவியலும் ஏன் தேவை என்பது தானாகவே விளங்கும். பந்தய அணியொன்றில் ஓட்டுகிறவர்கள் ஓரிருவர்தான். பொறியியலாளர்களும் தரவு ஆய்வாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

விலையுயர்ந்த செட் வாங்குவதற்கு முன் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொண்டு பண்டாரகமையிலுள்ள கார்ட்டிங் திடலுக்குச் சில தடவைகள் கூட்டிப் போய்ப் பாருங்கள். வளைகுடாவில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இது இன்னும் இலகு. டுபாயிலும் கட்டாரிலும் பஹ்ரைனிலும் நல்ல திடல்கள் இருக்கின்றன. நிஜக் கார்ட்டில் பத்து நிமிடம் ஓட்டியதும் கையும் விலாவும் வலிக்கும். அப்போதும் "இன்னொரு தடவை" என்று கேட்கிறானா அவன்?

வீட்டிலும் ஒரு சோதனை இருக்கிறது. அதற்குப் புதிய செட் தேவையில்லை. கிரான் டூரிஸ்மோ 7 இன் இணைய நேரப் போட்டிகளில் உலகின் முதலாவது நேரத்துக்கு நூற்றுக்கு மூன்று வீதத்துக்குள் வந்தால் தங்கம் கிடைக்கும். நூறு வினாடிச் சுற்றில் மூன்று வினாடி. பிள்ளை அதைக் காட்டிச் சந்தோஷப்படும். சந்தோஷப்படட்டும். ஆனால் உச்சியில் இருப்பவர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் வினாடியின் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. தங்கம் வாங்கிய பிறகு எஞ்சியிருக்கும் அந்த வினாடிகளைக் குறைக்க ஒரே திடலில், ஒரே காரில், மாதக்கணக்கில் சலிக்காமல் உட்காருகிறானா, அல்லது அடுத்த கேமுக்குத் தாவுகிறானா என்று பாருங்கள். ஸ்டியரிங் வாங்குவதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.